வினாவில் விளங்கிய நடிப்பு

அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகை ஆர்லின் பிரான்சிஸ் அம்மையாரை வினாக்குழுவில் வீற்றிருந்த அழகி என்று மட்டும் கூறி அமைவோர் உளர். அது நேரிய மதிப்பீடாகாது. 1907-இல் பாஸ்டன் நகரில் ஆர்மீனியத் தந்தைக்குப் பிறந்த அவர், மேடையிலும் வானொலியிலும் பயின்ற பின்னரே தொலைக்காட்சிக்கு வந்தார்.

1950 முதல் 1967 வரை நடைபெற்ற 'வாட்ஸ் மை லைன்' நிகழ்ச்சியில், வந்தவரின் தொழில் யாதென 'ஆம்', 'இல்லை' என்னும் விடைகளைக் கொண்டே குழுவினர் கண்டறிதல் வேண்டும். பத்து 'இல்லை' சேர்ந்தால் தோல்வி. புகழ் பெற்றோர் வருங்கால் குழுவினரின் கண்கள் கட்டப்படும். வந்தவரோ குரலை மாற்றிப் பேசுவார். உடனிருந்த டாரத்தி கில்காலன் செய்தியாளர். வெற்றியையே நோக்கி வினவினார். பிரான்சிஸ் அம்மையாரோ வந்தவரை நகைக்க வைத்து, அந்நகைப்பிலிருந்தே அடுத்த வினாவைத் தொடுத்தார். எதிரில் நிற்பவரின் சொல்லைச் செவிமடுத்து அதற்கேற்ப இயங்குதல் மேடை தந்த பயிற்சியன்றோ! வகுப்பறையில் வினா விடுக்கும் ஆசிரியரும் இதன் அருமையை அறிவர்.

எனினும், இப்புகழுக்கு அவர் கொடுத்த விலை பெரிது. 'ஒன், டூ, த்ரீ' (1961) திரைப்படத்தில், கணவனின் ஆரவாரத்தை முகம் மாறாமல் குத்திப் பேசும் மனைவியாக வரும் அவரைக் கண்டோர் இதனை உணர்வர். அத்தகைய திரை வேடங்கள் அவருக்கு மிகச் சிலவே வாய்த்தன.