குறுக்கே மாற்றினால் வாய்பாடு வருமா?

பள்ளி வேதியியலில் மாணவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்ளும் உத்தி ஒன்று உண்டு. இரு அயனிகளின் மின்சுமை எண்களைக் குறுக்கே மாற்றி அடியில் எழுதினால் வாய்பாடு வந்துவிடும். இரும்பின் சுமை மூன்று, ஆக்சைடின் சுமை இரண்டு. மாற்றினால் இரண்டு இரும்பு, மூன்று ஆக்சிஜன். ஹேமடைட் தாதுவின் வாய்பாடு தயார்.

இடைநிலை உலோகங்களுக்கு இந்த முறை பெரிதும் கைகொடுக்கிறது. சோடியம் அயனிக்கு ஒரே சுமைதான். இரும்புக்கும் தாமிரத்துக்கும் அப்படியில்லை. 1919இல் ஆல்ஃபிரட் ஸ்டாக் முன்வைத்தபடி சுமையை ரோமன் எண்ணாகப் பெயரிலேயே சேர்த்தபின், இரும்புக் குளோரைடில் குளோரின் இரண்டா மூன்றா என்று பெயரைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஃபெரஸ், ஃபெரிக் என்று உருப்போட வேண்டியதில்லை.

சிக்கல் பாதரசத்தில் தொடங்குகிறது. சித்த மருத்துவம் அறிந்த வீரமும் பூரமும் பாதரசக் குளோரைடுகளே. வீரத்தில் ஒரு பாதரசத்துக்கு இரண்டு குளோரின். 100 மில்லி நீரில் சுமார் 7 கிராம் கரையும், கடும் நஞ்சு. பூரமோ நீரில் கரைவதே அரிது. அதில் பாதரசத்தின் சுமை ஒன்று என்பதால், குறுக்கே மாற்றினால் ஒன்றுக்கு ஒன்று என வரும். உண்மையில் இரண்டு பாதரச அணுக்கள் பிணைந்து ஒரே அயனியாக நிற்கின்றன; இரண்டுக்கு இரண்டு என்றே எழுத வேண்டும். டைட்டானியம் ஆக்சைடில் இரண்டையும் நான்கையும் சுருக்கப் பழகிய மாணவர் இங்கே ஏன் சுருக்கக் கூடாது என்பதற்கு விதியில் பதிலே இல்லை.

இதைவிடப் பெரிய குறை, இல்லாத பொருளுக்கும் இம்முறை வாய்பாடு தந்துவிடுவது. தாமிரத்தின் சுமை இரண்டு, அயோடைடின் சுமை ஒன்று என்றால் விடை உடனே வரும். ஆனால் மயில்துத்தக் கரைசலில் பொட்டாசியம் அயோடைடை ஊற்றிப் பார்த்தால் நீலம் போய்ப் பழுப்பாகக் கலங்குகிறது. தாமிரம் அயோடைடிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டு சுமை ஒன்றுக்கு இறங்க, அயோடின் வெளிப்படுகிறது. அதைத் தயோசல்பேட்டால் தரம்பார்த்துத்தான் கல்லூரி ஆய்வகங்களில் தாமிரத்தின் அளவைக் கணிக்கிறார்கள். கடைசியில் குடுவையில் தங்குவது வெளிறிய குப்ரஸ் அயோடைடு வீழ்படிவு. தாளில் எழுதிய சேர்மம் அங்கே உருவாகவே இல்லை.

அதற்காக முறையைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. சுமைக் கணக்கு நேராகிறதா என்று பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் வாய்பாட்டைக் கொடுத்து, சுமையைத் திருப்பிக் கேட்கும் வினாக்களும் வகுப்பில் வேண்டும். காந்தக்கல்லில் மூன்று இரும்புக்கு நான்கு ஆக்சிஜன்; ஆக்சிஜனின் மொத்தச் சுமை எட்டு. எட்டை மூன்றால் வகுத்தால் முழு எண் வராது. ஒரு இரும்பு இரண்டு சுமையும் மற்ற இரண்டும் மும்மூன்று சுமையும் தாங்குகின்றன என்பதை அப்போது மாணவரே கூட்டிக் கண்டுபிடிப்பார்.