எரிந்தவனும் ஏவியவனும்: மர்ம நாடகம் பற்றிச் சில சிந்தனைகள்

மாசி மாதத்துப் பின்னிரவு. தலவாக்கலையைச் சூழ்ந்த தோட்டங்களில், லயங்களுக்கு அப்பாலுள்ள காமன் பொட்டலைச் சுற்றி மக்கள் கம்பளியும் போர்வையுமாக அமர்ந்திருக்கின்றனர். தப்பு முழங்குகின்றது. மதன் சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படுகின்றான். ரதி போகவேண்டாமென்று மறிக்கின்றாள். மதன் எரிந்து சாம்பலாவான் என்பது அங்கே தாயின் மடியிற் கிடக்கும் சிறுவனுக்கும் தெரியும். சென்ற ஆண்டும் எரிந்தான். அதற்கு முந்திய ஆண்டும் எரிந்தான். ஆயினும் ஒருவரும் எழுந்து போவதில்லை. பொழுது விடிந்தாற் பிரட்டுக்குப் போகவேண்டியவர்கள், உறக்கத்தைத் துறந்து, தாம் அறிந்த முடிவுக்காக மூச்சடக்கிக் காத்திருக்கின்றனர்.

ஏன் காத்திருக்கின்றனர்? நாடகம் பயிலும் மாணவர்கள் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி இதுவேயென்று நாம் கருதுகின்றோம்.

நமது பாடசாலைகளில் 'நாடகமும் அரங்கியலும்' ஒரு பாடமாக அமைந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் நாடகத்தின் மூலகங்கள் பெரும்பாலும் பரீட்சைக்கு ஒப்புவிக்கும் பட்டியலாகவே மாணவர் மனத்திற் பதிகின்றன. கதைப்பின்னல், பாத்திரம், உரையாடல், முரண், உச்சம் என்று வரிசைப்படுத்தி, ஆவல் என்பதற்கு 'அடுத்து என்ன நடக்கும் என்ற எதிர்பார்ப்பு' என்று வரைவிலக்கணம் எழுதிவிட்டால் முழுப்புள்ளி கிடைத்துவிடுகின்றது. இந்த வரைவிலக்கணம் காமன் பொட்டலிற் செல்லுபடியாகாது. அடுத்து என்ன நடக்கும் என்பதை அறியாதவர் அங்கே ஒருவருமில்லை.

மேற்குலகத்து மர்ம நாடகங்களிற் பெயர்பெற்றது அகதா கிறிஸ்டியின் 'எலிப்பொறி'. 1952-இல் இலண்டனில் மேடையேறிய அந்நாடகம், 2020-இல் தொற்றுநோய் காரணமாக நின்ற இடைவெளி நீங்கலாக, தொடர்ந்து ஆடப்பட்டு வருகின்றது. ஆட்டம் முடிந்ததும் கொலையாளி யாரென்பதை வெளியே சொல்லவேண்டாமென்று சபையோரைக் கேட்டுக்கொள்வது அதன் வழக்கம். இரகசியமே அந்நாடகத்தின் முதல். அது வெளிப்பட்டுவிட்டால் சுவையின் பெரும்பகுதி போய்விடும். காமன் கூத்திலோ இரகசியமே இல்லை. இருந்தும் சுவை குன்றுவதில்லை. ஆகவே ஆவல் இருவகைப்படும் என்று கொள்ளவேண்டியிருக்கின்றது: அறியாமையாற் பிறப்பது ஒன்று, அறிவாற் பிறப்பது மற்றொன்று.

திரைப்பட நெறியாளர் ஹிச்கொக் இவ்வேறுபாட்டை எளிய உதாரணத்தால் விளக்கினார். மேசைக்கடியில் வைத்த குண்டு நாம் அறியாமல் வெடித்தால், சில விநாடி நேர அதிர்ச்சி. குண்டிருப்பதை நாம் அறிந்திருக்க, மேசையைச் சுற்றியிருப்போர் மட்டும் அறியாது பேசிக்கொண்டிருந்தால், அந்த அற்பப் பேச்சின் ஒவ்வொரு நிமிடமும் நம்மை வதைக்கும். இருபத்து நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே சொபொக்கிளிஸ் இவ்வுண்மையைக் கையாண்டிருக்கின்றான். ஈடிப்பஸ் தேடும் கொலைகாரன் அவனேதான் என்பதை ஏதென்ஸ் நகரத்துச் சபையோர் கதை வழியாக முன்பே அறிந்தவர்கள்.

இனி, மாணவர்கள் ஊன்றிக் கற்கத்தக்க மர்ம நாடகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜே. பி. பிரீஸ்ட்லி எழுதிய 'இன்ஸ்பெக்டர் வருகிறார்' 1945-இல் சோவியத் நாட்டிலே முதன்முதலாக மேடையேறி, 1946-இல் இலண்டனுக்கு வந்தது. கதை நிகழும் ஆண்டு 1912. ஆலை முதலாளி பேர்லிங் வீட்டில் மகளின் திருமண நிச்சய விருந்து. அங்கு வரும் இன்ஸ்பெக்டர் ஒருவர், ஈவா ஸ்மித் என்ற இளம்பெண் கிருமிநாசினி குடித்து இறந்துவிட்டதாகக் கூறி விசாரணையைத் தொடங்குகின்றார். வாரச்சம்பளத்தை இருபத்திரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸிலிருந்து இருபத்தைந்து ஷில்லிங்காக உயர்த்தக் கேட்டு வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியதற்காகப் பேர்லிங் அவளை நீக்கியவர். மகள் தன் சிறு ஆணவத்தால் அவளைக் கடை வேலையிலிருந்து விலக்கச் செய்தவள். மருமகனாகப் போகிறவன் அவளைச் சிலகாலம் வைத்திருந்து கைவிட்டவன். மகன் அவளைக் கருவுறச் செய்தவன். தர்மசங்கத்துத் தலைவியான தாயோ, உதவி கேட்டு வந்தவளைத் திருப்பியனுப்பியவள்.

இங்கே மர்ம நாடகத்தின் வழமையான வினா தலைகீழாகின்றது. ஐவருள் குற்றவாளி யார் என்று நாம் தேடத் தொடங்குகின்றோம். ஐவருமே குற்றவாளிகளென்று காண்கின்றோம். சட்டத்தின் கண்ணில் இவர்களுள் ஒருவரும் கொலையாளி அல்லர். சமுதாயத்தின் கண்ணில் ஒருவரும் தப்பமுடியாது. வந்தவர் உண்மையான இன்ஸ்பெக்டர் அல்லர், வைத்தியசாலையில் அப்படியொரு பிணமும் இல்லை என்று தெரிந்ததும் பெற்றோர் பெருமூச்சு விட்டுச் சிரிக்கின்றனர். பிள்ளைகள் சிரிக்க மறுக்கின்றனர். அப்போது தொலைபேசி ஒலிக்கின்றது. ஒரு பெண் சற்றுமுன் இறந்துவிட்டாள். விசாரிக்க ஓர் இன்ஸ்பெக்டர் வந்துகொண்டிருக்கின்றார். அத்துடன் திரை விழுகின்றது. 'யார் செய்தது?' என்பதன்று, 'யார் பொறுப்பேற்பார்?' என்பதே இந்நாடகத்தின் ஆவல். திரை விழுந்த பின்னும் அது தீர்வதில்லை. சபையோருடன் வீட்டுக்குப் போகின்றது.

நாடக மூலகங்கள் யாவும் இந்த ஒரு வினாவுக்கு எவ்வாறு பணிபுரிகின்றன என்பதைக் காண்பதே பயன்தரும் படிப்பு. அரிஸ்டோட்டில் ஆறு மூலகங்களைக் கூறினான்: கதைப்பின்னல், பாத்திரம், கருத்து, மொழி, இசை, காட்சி. பிரீஸ்ட்லியின் கதைப்பின்னல் ஒரே மாலையில், ஒரே அறையில் அடங்குகின்றது. ஒருவர் விசாரிக்கப்படும்போது மற்றவர் தப்பியோட இடமில்லை. அந்த நெருக்கம்தான் இறுக்கத்தைத் தருகின்றது. இன்ஸ்பெக்டர் புகைப்படத்தை ஒரு வேளையில் ஒருவருக்கே காட்டுகின்றார். எல்லோரும் பார்த்தது ஒரே படந்தானா என்ற ஐயம் இந்தச் சிறு மேடைப்பொருளிலிருந்தே பின்னர் முளைக்கின்றது. அவர் வரும்வரை இதமாக இருந்த ஒளி, வந்தபின் கூர்மையும் கடுமையும் பெறவேண்டுமென்பது ஆசிரியரின் மேடைக்குறிப்பு. டைட்டானிக் மூழ்காது, போர் வராது என்று பேர்லிங் மார்தட்டுகின்றார். அந்தக் கப்பல் அதே 1912-இல் மூழ்கியதையும், 1914-இல் போர் வெடித்ததையும் அறிந்த சபைக்கு அவருடைய ஒவ்வொரு உறுதிமொழியும் மேசைக்கடியில் வைத்த குண்டாகின்றது.

இந்தக் கண்ணோடு காமன் பொட்டலுக்குத் திரும்பினால், நாம் எத்தனையோ முறை பார்த்தும் கவனியாத ஒன்று தெளிவாகின்றது. மதனைக் கொன்றது சிவனின் நெற்றிக்கண். ஆனால் அவனை அங்கே அனுப்பியவன் யார்? சூரனின் கொடுமையால் தன் உலகம் ஆட்டங்கண்டபோது, தேவர்கோன் இந்திரன் மதனை ஏவுகின்றான். போனால் என்னவாகும் என்பதை ரதி அறிவாள். தான் கண்ட தீய கனவைச் சொல்லித் தடுக்கின்றாள். ஏவலை மீற மதனால் இயலவில்லை. ஏவியவன் அரியணையில் இருக்கின்றான், போனவன் சாம்பலாகின்றான், பின்னின்றவள் தலைவிரித்துப் புலம்புகின்றாள். மலையேறிக் கொழுந்து பறித்து, நிறுவையில் கிலோ குறைந்தால் 'அரைப்பேர்'தானோ என்று தராசு முள்ளைப் பார்த்து நெஞ்சு படபடக்க நிற்கும் பெண்ணுக்கு, ரதியின் புலம்பல் வெறும் புராணமாக ஒலிக்குமா? விடியும்வரை அவளைப் பிடித்துவைத்திருப்பது முடிவறியும் ஆவலன்று. 'இம்முறையாவது அவன் போகாமலிருக்க மாட்டானா?' என்ற ஏக்கமே அவளைப் பிடித்துவைக்கின்றது. அறிந்த முடிவை ஏற்க மறுக்கும் மனத்தில் அந்த ஆவல் பிறக்கின்றது.

தமிழகத்து லாவணிப் பாடகர்கள் 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என்று பிரிந்து, மதன் எரிந்தானா இல்லையா என்று வாதாடியதும் நினைவுகூரத்தக்கது. மக்கள் முடிவை அப்படியே விழுங்கியவர்களல்லர், அதனோடு வழக்காடியவர்கள்.

காட்சியை மூலகங்களுட் கலைத்தன்மை குறைந்ததாக அரிஸ்டோட்டில் கருதினான். கூத்தில் அக்கூற்று நிற்பதில்லை. அங்கே தீயே பேசுகின்றது. இசையும் அவ்வாறே. 1947-இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்களின் பாடல்களைத் தேடித் திரட்டினார். அப்பாடல்கள் ஓய்வுநேர அலங்காரமல்ல, வாழ்க்கையின் சாட்சியம் என்பதை உணர்ந்தே அவர் அவ்வாறு செய்தார். கூத்துப் பாடலையும் சாட்சியமாகவே நாம் கேட்கவேண்டும்.

எனினும் இரண்டு படைப்புகளையும் கண்மூடிப் போற்றுவது விமர்சனமாகாது. பிரீஸ்ட்லியின் நாடகத்தில் ஈவா ஸ்மித் ஒருமுறைகூட மேடைக்கு வருவதில்லை. அவளுடைய வேலைநிறுத்தத்தை அவளை நீக்கிய முதலாளியின் வாயாலேயே கேட்கின்றோம். அவளில்லாமை வலிமைமிக்க உத்தி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மனச்சாட்சி விழிப்பது முதலாளியின் பிள்ளைகளுக்கே. தொழிலாளிக்கு எஞ்சுவது மரணம் மட்டுமே. காமன் கூத்திலோ, இழந்தவளே வாய்திறந்து அழுகின்றாள். ஆடவன் வேடந்தாங்கி அழுதாலும் அது அவளுடைய குரலே. ஆயினும் அவள் சிவனிடம் உயிர்ப்பிச்சை கேட்கின்றாளேயன்றி, இந்திரனைக் கூண்டிலேற்றிக் கேள்வி கேட்பதில்லை. மதன் உயிர்பெறுகின்றான், ஏவியவனின் கணக்கு தீர்க்கப்படாமலே கூத்து முடிகின்றது. ஒன்றிலே கேள்வி உண்டு, குரலில்லை. மற்றதிலே குரலுண்டு, கேள்வியில்லை.

இரண்டும் சேரும் நாடகம் நம்மிடையே எழுத முடியாததா? முடிவின்மீதுள்ள ஆவலைக் கதைப்போக்கின்மீது திருப்பவேண்டும் என்று ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட் 1930-இல் எழுதினார். அதற்குரிய கதைகளை நாம் தொலைவிலே தேடவேண்டியதில்லை. தலவாக்கலைக்கு அணித்தாயுள்ள டெவன் தோட்டத்தில், 1977 மே மாதத்தில், தோட்டக்காணி பறிபோவதை எதிர்த்துத் திரண்ட தொழிலாளர்மீது பொலிஸார் சுட்டதில் இளைஞன் சிவனு லெட்சுமணன் பலியானான். அவன் இறப்பான் என்பதை இங்குள்ள சபையோர் அனைவரும் அறிவர். ஆகவே எழுதப்போகும் மாணவன் முடிவை மறைக்கவேண்டியதில்லை. சுட்டவன் யார் என்பதோடு நில்லாமல், காணியைப் பிரித்தவர் யார், அதனாற் பயன்பெற இருந்தவர் யார், வாய்மூடியிருந்தவர் யார் என்று ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்து விசாரிக்கலாம். இன்ஸ்பெக்டரின் இடத்தில் ஒரு ரதி நிற்கலாம்.

ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்ற கோரிக்கை 2015 அளவில் எழுந்து, 2021 மார்ச்சில் வர்த்தமானி அறிவித்தலாக வெளிவரும்வரை இம்மக்கள் காத்திருந்த காத்திருப்பைவிடப் பெரிய ஆவல் எந்த மேடையிலுண்டு? கொழுந்துக்கூடையைச் சுமக்கும் தாயின் மகனுக்கும் மகளுக்கும் நாடக மூலகங்களைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், பட்டியலைக் கரும்பலகையில் எழுதுமுன், அடுத்த மாசியில் அவர்களைப் பொட்டலுக்கு அழைத்துச் செல்லட்டும். தீ மூண்டெழும் வேளையில் ஒரு கேள்வியை மட்டும் காதிற் போடட்டும்: எரிந்தவனைத் தெரியும், ஏவியவன் எங்கே?