பள்ளிவாசல் தப்பிய நாள்

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை முழுவதும் படித்தவர் சிலர். அதிலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து ஆள்பவர் பலர். புதுவை வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட 1748 செப்டம்பர் மாதக் குறிப்புகளைச் சிலர் இன்றைய பகைக்கு எரிபொருளாக்குகின்றனர். பிரெஞ்சு ஆட்சியின் பொற்காலம் பற்றிப் பேசுவோர் அப்பக்கங்களைப் புரட்டாமலே கடந்து செல்கின்றனர். நம் சமுதாயத்தாரோ அதே செப்டம்பர்ப் பக்கங்களில் ஒரு சிறு செய்தியைக் கண்டு நெஞ்சு நிமிர்த்திக் கொள்கிறோம். கோயில் இடிந்த அந்நாட்களில் ஒரு பள்ளிவாசலையும் இடிக்க முயன்றனர், ஒரு முஸ்லிம் படைத்தலைவர் குறுக்கிட்டார், பள்ளிவாசல் தப்பியது என்பதே அச்செய்தி. மேடைகளில் இது நம் முன்னோரின் ஈமானிய வீரத்துக்குச் சான்றாகக் கூறப்படுவதைக் கேட்டிருக்கிறேன். இந்தப் பெருமிதம் பொருந்துமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

நூலையும் நூலாசிரியரையும் பற்றி முதலில் சில சொற்கள். 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து புதுவைக்கு வந்து, வணிகராக உயர்ந்து, 1747 முதல் ஆளுநர் துய்ப்ளேவின் தலைமைத் துபாஷியாக விளங்கியவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 செப்டம்பரில் தொடங்கி ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதி வந்தார். 1761 ஜனவரியில், புதுவை ஆங்கிலேயரிடம் வீழ்ந்த அதே நாட்களில் மறைந்தார். யாருக்கும் தெரியாமல் கிடந்த கையெழுத்துப் படியை 1846இல் கலுவா மொம்பிரான் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டறிந்தார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. தமிழில் எழுதப்பட்ட நூலைத் தமிழர் முழுமையாகக் கையில் எடுப்பதற்கு அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் ஆயின. தமிழ்ப் பதிப்பு 1948 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது, மு. ராஜேந்திரன், அ. வெண்ணிலா ஆகியோரின் 12 தொகுதிப் பதிப்பு 2019இல் வெளிவந்தது. எனவே, ஆங்கிலத்தில் யாரோ எடுத்துக் காட்டிய வரிகளைக் கொண்டே தீர்ப்புச் சொல்லும் நிலை இனி நமக்கு இல்லை.

அரபு மொழி பயிற்றுவிக்கும் எனக்கு இந்நூல் முதலில் மொழியால் வியப்பூட்டியது. பண்டிதத் தமிழ் அன்று இது. கடைத்தெருவிலும் தர்பாரிலும் புழங்கிய தமிழ். வக்கீல், சன்னது, நஜர், கில்லத்து, பவுசு, சாகிபு, கில்லேதார், ஜமேதார் என அரபியிலிருந்து பாரசீகத்தின் வழியே வந்த சொற்கள் எவ்விதத் தயக்கமுமின்றி இவ்வைணவ வணிகரின் நடையில் கலந்து கிடக்கின்றன. அரசனின் தூதரைக் குறிக்கும் வக்கீல் என்னும் சொல், இறைவனின் அழகிய திருநாமங்களுள் ஒன்றான ‘அல்வகீல்’ என்பதன் சொல்லே. நேர்ச்சை எனப் பொருள்படும் ‘நத்ர்’ என்ற அரபுச் சொல் இங்கே அதிகாரத்தின் முன் வைக்கப்படும் காணிக்கையாகிவிட்டது. சொற்கள் அடைந்த இந்த மாற்றமே அக்காலத்தின் கதையைப் பாதி சொல்லிவிடுகிறது. இறைவனிடம் மட்டும் ஒப்படைக்க வேண்டியவற்றை மனிதர்கள் ஆட்சியாளர்களிடம் ஒப்படைக்கத் தொடங்கிய காலம் அது.

இனி, மதபோதகரும் கம்பெனியும் கொண்டிருந்த உறவைக் காண்போம். இவ்விரு தரப்பாரும் எங்கும் எப்போதும் ஒரே கையாக இயங்கினர் என்று கருதுவது பிழை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவை, டேனியக் கோட்டையின் தலைவரே 1708இல் சிறையில் அடைத்தார். அங்கே மதபோதகர் தம் நாட்டுக் கம்பெனிக்கே தொல்லையாகத் தோன்றினார். புதுவையிலோ நிலைமை வேறு. இயேசு சபைப் பாதிரிமாரின் குரலுக்கு ஆளுநர் மாளிகையில் நெடுங்காலமாகச் செல்வாக்கு இருந்தது. அவர்களின் சம்பாக் கோயிலுக்கு அடுத்தே வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. அதை அகற்ற வேண்டும் என்பது அவர்களின் நீண்ட நாள் கோரிக்கை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இக்கோரிக்கை எழுந்தது. அப்போது நெசவாளரும் வணிகரும் ஊரைவிட்டு வெளியேற முற்பட்டனர். துணி வணிகத்துக்காகவே கடல் கடந்து வந்த கம்பெனி, நெசவாளர் இல்லாத நகரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? ஆகவே பின்வாங்கியது.

பிள்ளையின் குடும்பத்துக்கும் இதில் ஒரு பழைய புண் உண்டு. அவருடைய உறவினரும் கம்பெனியின் தலைமைத் தரகருமான நைனியப்ப பிள்ளை 1716இல் தண்டிக்கப்பட்டு, மறு ஆண்டு சிறையிலேயே மாண்டார். அவ்வழக்கின் பின்னணியில் பாதிரிமாரின் பகை இருந்தது. பின்னர் அத்தீர்ப்பு தவறென ஒப்புக்கொள்ளப்பட்டது. நைனியப்பரின் மகன் குருவப்பர் பிரான்சுக்குச் சென்று, கிறிஸ்தவராகித் திரும்பி வந்த பின்னரே தந்தையின் பதவியைப் பெற முடிந்தது. துபாஷிப் பதவியில் கிறிஸ்தவரே அமர வேண்டும் என்று பாதிரிமாரும் துய்ப்ளேயின் மனைவியும் விரும்பியதை நாட்குறிப்பு மீண்டும் மீண்டும் பதிவு செய்கிறது. ஆகவே இம்மனிதர் பாதிரிமாரைப் பற்றி எழுதும்போது அவர் பக்கச் சார்பற்ற சாட்சியல்லர். நபிமொழி அறிவிப்பாளர்களை எடைபோடும் ‘ஜர்ஹ், தஅதீல்’ கலையைக் கற்ற நாம் இதை மறக்கலாகாது. அறிவிப்பாளருக்குப் பகை இருப்பது அவர் சொல்வதையெல்லாம் பொய்யாக்கிவிடாது. ஆயினும், எதைக் கண்டு சொன்னார், எதைக் கேட்டுச் சொன்னார், எதை ஊகித்துச் சொன்னார் என்று பிரித்தறியும் கடமையை நம்மீது சுமத்துகிறது. கோயில் இடிந்தது நிகழ்வு. அதனால் ஆளுநரின் மனைவி எவ்வளவு மகிழ்ந்தார் என்பது, அவரை அறவே வெறுத்த ஒருவரின் மதிப்பீடு.

1746இல் கோயிலுக்குள் அசுத்தம் வீசப்பட்ட நிகழ்ச்சிகளைப் பிள்ளை குறித்திருக்கிறார். அதற்கு இரண்டாண்டுகளுக்குப் பின், ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பொஸ்கவன் புதுவையை முற்றுகையிட்டிருந்த வேளையில், இடிப்பு நடந்தேறியது. பொறியாளரும் பாதிரிமாரும் கொத்தர்களையும் கூலியாட்களையும் அழைத்துக்கொண்டு வந்து தென்புற மதிலிலிருந்து தொடங்கினர். காவலுக்காக முந்திய நாளே சம்பாக் கோயிலில் படைவீரரும் குதிரை வீரரும் சிப்பாய்களும் நிறுத்தப்பட்டிருந்தனர். பாதிரிமாரின் தலைவர் கேர்தூ கருவறையைக் காலால் உதைத்ததாகச் செய்தி வந்தது என்று பிள்ளை எழுதுகிறார். இந்தக் கேர்தூ படிப்பறிவற்ற வெறியர் அல்லர். சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மொழிகளுக்கிடையே உள்ள உறவைக் கண்டு, 1767இல் பிரெஞ்சுக் கல்விக் கழகத்துக்கு எழுதிய மொழியறிஞர். தமிழகத்தார் துணிக்குச் சாயமேற்றும் முறைகளை ஐரோப்பாவுக்கு விரிவாக விளக்கியவரும் அவரே. ஒரு மக்களின் மொழியையும் தொழிலையும் ஆழ்ந்து கற்ற ஒருவர், அவர்களின் வணக்கத்தலத்தை இடிக்கும் இடத்திலும் நின்றார். கல்வி தானாகவே மனிதரை நீதியாளராக்கிவிடும் என்று நம்பும் நம்மைப் போன்ற ஆசிரியர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

இந்தச் சூழலில்தான் பள்ளிவாசலின் செய்தி வருகிறது. அதையும் இடிக்க ஆணை பிறந்ததறிந்து, சிப்பாய்களின் தலைவர்களுள் ஒருவரான அப்துர் ரஹ்மான் ஆளுநரிடம் சென்றார். சிப்பாய்கள் இதைப் பொறுக்கமாட்டார்கள் என எடுத்துரைத்தார். ஆணை கைவிடப்பட்டது.

அவர் செய்தது தம் கடமை. அதில் துணிவும் இருந்தது. அதை நான் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் பள்ளிவாசல் ஏன் தப்பியது என்ற வினாவுக்கு நாட்குறிப்பே விடை தருகிறது. நகரத்துக்கு வெளியே ஆங்கிலேயப் பீரங்கிகள் நின்றன. உள்ளே துய்ப்ளேவுக்குச் சிப்பாய்களின் துப்பாக்கிகள் தேவைப்பட்டன. முற்றுகைக்கு அஞ்சிப் பலர் முன்னரே வெளியேறிவிட்ட நகரத்தில், ‘நாங்கள் ஊரைவிட்டுப் போவோம்’ என்னும் பழைய ஆயுதம் கோயில் தரப்பாரிடம் மழுங்கிப் போயிருந்தது. நெசவாளர் தேவைப்பட்ட காலத்தில் கோயில் நிலைத்தது. அத்தேவை பின்னுக்குப் போனபோது விழுந்தது. சிப்பாய் தேவைப்பட்டபோது பள்ளிவாசல் நிலைத்தது. இவற்றில் எந்த ஓரிடத்திலும் கம்பெனி ஒரு சமயத்தின் உரிமையை மதித்ததாகச் சொல்ல இயலாது. அது பயனைக் கணக்கிட்டது, அவ்வளவே.

இன்னொன்றையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கம்பெனியின் சிப்பாய்ப் படையில் முஸ்லிம்கள் கணிசமாக இருந்தனர். தம் பள்ளிவாசலுக்காக எதிர்த்துப் பேசும் வலிமை பெற்றிருந்த அதே படையைச் சேர்ந்தோரே, கோயில் இடிக்கப்பட்டபோது காவலுக்கு நிறுத்தப்பட்டவர்களுள்ளும் இருந்தனர். கூலிக்குப் பணியாற்றிய எளிய வீரர்மீது இதற்காக நான் குற்றம் சுமத்தவில்லை. ஆனால், அந்நாளை நம் வெற்றி நாளாகக் கொண்டாடும்போது, மதிலின் அப்புறம் இடிந்துகொண்டிருந்ததைக் காணாமல் கண்ணை மூடிக்கொள்கிறோம் என்பதையேனும் உணர வேண்டும்.

திருமறையின் அல்ஹஜ் அத்தியாயத்தின் 40ஆம் வசனத்தை நம் மாணவர்கள் மனனமாக ஓதுகின்றனர். மனிதரில் சிலரைக் கொண்டு சிலரை இறைவன் தடுத்திராவிட்டால் எவையெல்லாம் இடிக்கப்பட்டிருக்கும் என்று அவ்வசனம் வரிசைப்படுத்துகிறது. துறவியரின் மடங்கள், கிறிஸ்தவரின் ஆலயங்கள், யூதரின் தொழுகையிடங்கள் ஆகியவற்றைச் சொன்ன பின்னரே பள்ளிவாசல்களைச் சொல்கிறது. பள்ளிவாசல் இறுதியில் வைக்கப்பட்டிருப்பதன் நுட்பத்தை விரிவுரையாளர்கள் ஆராய்ந்துள்ளனர். எனக்குத் தோன்றுவது இது: பிறருடைய வணக்கத்தலத்தின் பாதுகாப்பைக் கடந்துதான் நம் பள்ளிவாசலின் பாதுகாப்பை அடைய முடியும் என்பதை அவ்வரிசை கற்பிக்கிறது. போரிட அனுமதி வழங்கும் வசனத்தை அடுத்தே இது வருவதும் கருதத்தக்கது. அப்துர் ரஹ்மானின் செயலை இவ்வளவுகோலால் அளந்தால், அது முழுமையடையாத ஒரு நற்செயல். அதனை முழுமையாக்கும் கடன் அவருக்குப் பின் வந்த நம்மைச் சேர்ந்தது.

நாட்குறிப்பைப் பயன்படுத்தும் மற்றவர்களுக்கும் ஒரு பக்கத்தை நினைவூட்டலாம். 1745 அக்டோபர்க் குறிப்புகளில் இன்னொரு சுவர் இடிக்கப்படுகிறது. சம்பாக் கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவரையும் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவரையும் பிரித்து வைத்த சுவர் அது. ஒடுக்கப்பட்டோர் பாதிரியாரிடம் முறையிட்டனர், சுவர் அகற்றப்பட்டது, சாதிக் கிறிஸ்தவர் கொதித்தெழுந்தனர். பிள்ளையின் பரிவு எந்தப் பக்கம் இருந்தது என்பது அவருடைய நடையிலேயே தெரிகிறது. கோயில் மதில் இடிந்ததற்காக வருந்திய அதே எழுதுகோல், மனிதரைப் பிரித்த சுவர் இடிந்ததை ஒழுங்குமீறலாகவே கண்டது. பாதிரிமார் முழுத் தீயோருமல்லர், பிள்ளை முழு நீதிமானுமல்லர். தொழுகை வரிசையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்பதைப் பெருமையாகப் பேசும் நாம், திருமணப் பேச்சின்போது நம் தெருக்களில் எழும் சுவர்களையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்ப்பது நல்லது.

இரும்பையைச் சுற்றிய இப்பகுதி அக்காலத்தில் படைகளின் வழித்தடமாக இருந்தது. வழுதாவூர், பெருமுக்கல், செஞ்சி, வந்தவாசி என நாம் நாள்தோறும் பேருந்துப் பலகையில் படிக்கும் பெயர்களெல்லாம் கர்நாடகப் போர்களின் பெயர்கள். பிரெஞ்சுக்காரருக்குப் பயன்பட்ட நவாபுகளின் முடிவை இம்மண் கண்டது. 1750 டிசம்பரில் புதுவையில் கோலாகலமாகச் சுபேதாராக முடிசூடிய முசபர் ஜங், இரண்டு மாதங்களுக்குள் கொல்லப்பட்டார். துய்ப்ளேயின் துணையால் ஆர்க்காட்டு நவாபு என அறிவிக்கப்பட்ட சந்தா சாகிபின் தலை 1752இல் வெட்டுண்டது. துய்ப்ளேயும் 1754இல் திருப்பி அழைக்கப்பட்டார். 1761இல் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அதைத் தரைமட்டமாக்கியபோது சம்பாக் கோயிலும் இடிந்தது. இடித்தவர்களின் ஆலயம் 13 ஆண்டுகளுக்குள் இடிக்கப்பட்டது என்று மகிழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதுவும் மக்கள் தொழுத இடமே. மேற்சொன்ன திருவசனத்தின் வரிசையில் அதற்கும் இடமுண்டு.

பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ ஆகிய புதினங்கள் இக்காலத்தைப் பல்லாயிரம் வாசகரிடம் கொண்டு சேர்த்தன. நம்மவர் புதினத்தோடு நின்றுவிடாமல் மூல நூலுக்குச் செல்ல வேண்டும் என்பது என் விருப்பம். அரபுக் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவருக்கு இதன் செப்டம்பர்ப் பக்கங்களையும் அக்டோபர்ப் பக்கங்களையும் அல்ஹஜ் அத்தியாய விரிவுரையுடன் சேர்த்துப் பாடமாக்கலாம். அறிவிப்பாளரை எடைபோடும் கலையைத் தமிழ் வரலாற்று நூலொன்றின்மீது செலுத்திப் பார்க்க அவர்களுக்கு நல்ல வாய்ப்பாகும். அடுத்த முறை மேடையில் இந்நிகழ்ச்சியைச் சொல்லும் ஆலிம், பள்ளிவாசல் தப்பியதைச் சொல்லும் அதே மூச்சில் கோயில் இடிந்ததையும் சொல்லட்டும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பதையும் சொல்லட்டும்.