முகப்பூச்சுகளின் வாக்குறுதிகள்: எடைபோடுவது எப்படி?

முகக் களிம்பு ஒன்றின் அட்டைப் பெட்டியை எடுத்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். 'நான்கே வாரங்களில் சுருக்கங்களின் தோற்றம் குறையும்', 'பயன்படுத்திய பெண்களில் பத்துக்கு ஒன்பது பேர் தோல் மென்மையானதாக உணர்ந்தனர்', 'தோல் மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது' என்பன போன்ற வாசகங்கள் அதில் இருக்கும். இவையெல்லாம் பொய்யா? பெரும்பாலும் பொய் அல்ல. பொய் என்று யாரும் குற்றம் சாட்ட முடியாதபடி எண்ணி எண்ணி வைக்கப்பட்ட சொற்கள் இவை. சுருக்கம் குறையும் என்று பெட்டி சொல்லவில்லை; சுருக்கத்தின் 'தோற்றம்' குறையும் என்றே சொல்கிறது. பத்தில் ஒன்பது பேர் 'உணர்ந்தனர்'. அளந்து பார்த்தவர் யாருமில்லை. மருத்துவர் சோதித்தார் என்றிருக்கிறதே தவிர, எதைச் சோதித்தார், என்ன கண்டார் என்று இல்லை. அரிப்போ தடிப்போ வருகிறதா என்று மட்டும் அவர் பார்த்திருக்கலாம்.

இந்தச் சுற்றுப் பேச்சுக்குச் சட்டமும் ஒரு காரணம். தூய்மைப்படுத்துவது, அழகுபடுத்துவது, தோற்றத்தை மாற்றுவது ஆகியவற்றுக்காக உடலில் பூசப்படும் பொருளே அழகுப்பொருள் என்று நம் நாட்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டம் (1940) இலக்கணம் வகுக்கிறது. உடலின் அமைப்பையும் இயக்கத்தையும் மாற்றுவதாகச் சொல்லப் புகுந்தால் அது மருந்தின் எல்லை. மருந்து என்றால் அதற்குரிய சோதனைகளும் சான்றுகளும் வேண்டும். ஆகவே விளம்பரம் எழுதுபவர் வேலியின் மேல் நடக்கிறார்.

ஆனால் வாசகர்களே, களிம்பு பூசிய சிறிது நேரத்தில் முகம் மிருதுவாகிறதே, கண்ணோரக் கோடுகள் மங்குகின்றனவே, அது மாயையா என்று நீங்கள் கேட்கலாம். மாயை அல்ல. நமது தோலின் வெளியடுக்கு இறந்த செல்களால் ஆனது. உடலின் பெரும்பாலான இடங்களில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவுதான். உலர்ந்தால் சுருங்கும், நீரை ஏற்றால் உப்பும். கிளிசரின் நீரை ஈர்த்து அங்கே பிடித்து வைக்கிறது. வாசலைன் போன்ற பிசுபிசுப்பான பொருள் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகாமல் மூடுகிறது. அடுக்கு உப்பியதும் நுண்ணிய கோடுகள் நிரவப்படுகின்றன. மேற்பரப்பு சமமாவதால் ஒளி சீராகத் திரும்பி முகம் 'பளபளக்கிறது'. இதற்கு அரிய மூலிகையோ விலை உயர்ந்த புரதமோ தேவையில்லை. எந்த நல்ல அடிப்பசையும் இதைச் செய்யும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு களிம்பில் பெரும்பகுதி அடிப்பசை. சிறப்புப் பொருள் அதில் மிகச் சிறு பங்கு. பலன் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தப் பலனை விளைவித்தது எது? நீங்கள் கூடுதல் பணம் கொடுத்தது சிறப்புப் பொருளுக்கு அல்லவா? அப்படியானால், அது கலக்காத அதே பசையைப் பூசியவர்களோடு ஒப்பிட்டார்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. 'பூசுவதற்கு முன், பூசிய பின்' என்று இரண்டு படங்கள் காட்டுவது இதற்கு விடையாகாது.

இத்துறையில் மிகவும் பேர்பெற்ற ஒரு சோதனையையே எடுத்துக்கொள்வோம். 2007-இல் பிரிட்டனில் பி.பி.சி.யின் 'ஹொரைஸன்' அறிவியல் நிகழ்ச்சி, பூட்ஸ் என்னும் மருந்துக்கடை நிறுவனம் விற்ற 'நம்பர் 7' சீரம் ஒன்றைப் பாராட்டிப் பேசியது. கடைகளில் மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள், இருப்பு தீர்ந்தது. அப்போது கையில் இருந்த சான்று, மிகச் சிலரின் கையில் அதை 12 நாட்கள் ஒட்டிக் கட்டி வைத்துப் பார்த்த சோதனையே. வெயிலால் நலிந்த தோலில் குறைந்துபோகும் ஃபிப்ரிலின் என்ற புரதம் அங்கே கூடியிருந்தது. புரதம் கூடினால் முகத்தில் சுருக்கம் குறையுமா? அது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை தேடி மான்செஸ்டர் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் அதே வரிசையின் சீரம் ஒன்றை முகத்திலேயே சோதித்து, 2009-இல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் டெர்மட்டாலஜி' என்ற ஆய்விதழில் வெளியிட்டனர். பொருளுதவி அந்த நிறுவனத்தினுடையது. இருந்தாலும் சோதனையின் கட்டமைப்பு நேர்மையானது. வெயிலால் தோல் முதுமையடைந்த 60 பேரை இரு குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்குச் சீரமும் மற்றதற்கு அடிப்பசை மட்டுமும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது பூசியவருக்கும் தெரியாது, மதிப்பிட்டவருக்கும் தெரியாது. அழகுப்பொருள் தொழிலில் இவ்வளவு தூரம் போகிறவர்கள் குறைவு. அதைப் பாராட்டியே தீரவேண்டும்.

ஆறு மாதங்கள் சென்றபின் சீரம் பூசியவர்களில் 43 சதவீதம் பேருக்குச் சுருக்கம் குறைந்திருந்தது. அடிப்பசை பூசியவர்களில் 22 சதவீதம். இந்த இரு எண்களையும் மெல்ல அசைபோடுங்கள். ஆறு மாதம் விடாமல் பூசியும் 57 சதவீதம் பேருக்கு முன்னேற்றம் இல்லை. முன்னேறிய 43-இல் ஏறத்தாழ பாதி, வெறும் பசையாலேயே கிடைத்திருக்கக்கூடியது. மிஞ்சுவது நூற்றுக்கு 21 பேர். ஒரு குழுவுக்கு முப்பது பேர் என்னும்போது இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேரலாம்.

கட்டுரையாசிரியர்கள் என்ன எழுதினார்கள்? சீரம் குழுவின் தொடக்க நிலையோடு அதன் முடிவை ஒப்பிட்டால் மாற்றம் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது. பசைக் குழுவை அதன் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் அப்படி இல்லை என்றார்கள். யார்க் பல்கலைக்கழகப் புள்ளியியல் பேராசிரியர் மார்ட்டின் பிளாண்ட் உடனே இதை மறுத்து எழுதினார். இரு குழுக்களையும் நேருக்கு நேர் ஒப்பிடாமல், ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்துவிட்டு ஒன்று தேறியது, மற்றது தேறவில்லை என்பது முறையாகாது என்பது அவர் வாதம். தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் வேண்டும்; ஒரு மாணவன் 36 எடுத்தான், மற்றவன் 33 எடுத்தான். முதல்வன் தேறினான், இரண்டாமவன் தவறினான் என்பது உண்மையே. ஆனால் இருவர் அறிவிலும் பெரிய வேறுபாடு இருக்கிறது என்று அதிலிருந்து சொல்லலாமா?

ஓராண்டு முடிவில் 70 சதவீதம், 33 சதவீதம் என்று இன்னும் கவர்ச்சியான எண்கள் கட்டுரையில் உள்ளன. ஆனால் ஆறாம் மாதத்துக்குப் பிறகு பசைக் குழுவினருக்கும் சீரமே கொடுக்கப்பட்டது. அந்த 33 அளந்து கண்டதல்ல; முதல் ஆறு மாதப் போக்கைக் கொண்டு கணித்து நீட்டியது. என் கணிப்பில், அந்தச் சீரம் சிறிது வேலை செய்திருக்கலாம்; செய்தது என்று இச்சோதனை நிறுவவில்லை. மிகச் சிறந்த சான்றின் நிலையே இதுவென்றால், சான்றே காட்டாத புட்டிகளை என்னென்பது!

இதைவிடத் தெளிவான சோதனைகளும் உண்டு. வைட்டமின் பி3-இன் ஒரு வடிவமான நயாசினமைடு, தோலின் நிறமித் துகள்கள் மேற்செல்களுக்குச் செல்வதைத் தணிக்கிறது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், முகத்தில் கரும்படிவு உடைய 18 பேர் 5 சதவீத நயாசினமைடு கலந்த களிம்பையும் கலக்காத களிம்பையும் இணையாகப் பயன்படுத்தினர். நான்கு வாரங்களில் கரும்படிவு குறைந்ததில் வேறுபாடு தெரிந்தது. ஒரே ஆளிடம் இரண்டையும் ஒப்பிடுவதால் வயது, உணவு, வெயில் எல்லாம் இரண்டுக்கும் பொது. எனவே சிலரைக் கொண்டே நம்பத்தக்க விடை கிடைக்கும். ஆனால் அது 5 சதவீதத்துக்குக் கிடைத்த விடை. உங்கள் களிம்பில் எத்தனை சதவீதம் என்று பெட்டி சொல்கிறதா? மேலும் அது படிவுகளைச் சற்று மங்கச் செய்தது. ஆளின் இயல்பான நிறத்தை மாற்றிவிடவில்லை. மாற்ற வேண்டிய நோயும் அல்ல அது.

இதே முறையை நீங்களும் வீட்டில் கையாளலாம். வாங்கிய களிம்பையும் சாதாரண ஈரக்காப்புக் களிம்பு ஒன்றையும் ஒரே மாதிரியான இரு சிமிழ்களில் இட்டு, 'க', 'ச' என்று குறிக்கும்படி வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். எது எது என்று அவர் மட்டும் அறிந்திருக்கட்டும். இடது முன்கையில் ஒன்று, வலது முன்கையில் மற்றது, எட்டு வாரம். பிறகு இந்த ஏற்பாடு தெரியாத மூன்றாம் ஆளிடம் இரு கைகளையும் காட்டிக் கேளுங்கள். மணமும் நிறமும் களிம்பைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது இதிலுள்ள குறை. கிடைக்கும் விடையும் உங்கள் ஒருவர் தோலுக்கே பொருந்தும். இருந்தாலும் கண்ணாடி முன் நின்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதைவிட இது மேல்.

இந்தச் சோதனை பலனை மட்டுமே காட்டும், கேட்டைக் காட்டாது. வேகமாக நிறத்தை வெளுக்கச் செய்யும் சில களிம்புகளில் பாதரசம் இருக்கிறது. அது நிறமி உண்டாக்கும் நொதியைத் தடுப்பதால் களிம்பு உண்மையாகவே 'வேலை செய்யும்'. தோல் வழியே உடலினுள் சென்று சிறுநீரகத்தையும் தாக்கும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகைச் சிறுநீரக நோய் 22 பேரிடம் கண்டறியப்பட்டது. அவர்களில் 15 பேருக்கு இருந்தது நோயின் அரிய வகை; அந்த 15 பேரில் 13 பேர் நோய் தோன்றுமுன் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள்.

2020-ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளின்படி முகக் களிம்பில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. உற்பத்தியாளர் முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை பெட்டியில் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதிப் பதிவு எண்ணும் வேண்டும். வாக்குறுதி அச்சிட்ட பக்கத்தைப் படிக்குமுன் இந்தப் பொடியெழுத்துப் பக்கத்தைப் பாருங்கள். அது வெறுமையாக இருந்தால் களிம்பைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.