விலை குறியாத துதிப்பாடல்: கீத் கிறீன் பற்றிய ஒரு நோக்கு

இறைவனைத் துதிக்கும் பாடலுக்கு விலை குறிக்கலாமா என்ற வினாவை அமெரிக்கப் பாடகர் கீத் கிறீன் (1953–1982) எழுப்பியபோது, அங்கு கிறிஸ்தவ மெல்லிசை ஏற்கெனவே தனியொரு சந்தையாக உருப்பெற்றிருந்தது. அறுபதுகளின் இறுதியிற் கலிபோர்ணியாவில் எழுந்த 'இயேசு இயக்கம்' ஹிப்பி இளைஞரின் கிற்றாரைத் தேவாலயத்துட் கொணர்ந்தது. எழுபதுகளில் இசைத்தட்டு நிறுவனங்கள் அவ்விசையைப் பண்டமாக்கின. பதினொரு வயதிலேயே டெக்கா நிறுவனத்துடன் ஒப்பந்தமான கிறீன் சந்தையின் இயல்பை நன்கறிந்தவர்.

1979இல் அவர் ஸ்பரோ நிறுவனத்தின் ஒப்பந்தத்திலிருந்து விலகி, இனிக் கட்டணம் விதிப்பதில்லை எனத் தீர்மானித்தார். வீட்டை ஈடுவைத்து 1980இல் வெளியிட்ட இசைத்தட்டை, இயன்றதைக் கொடுத்தோ எதுவுமே கொடாமலோ எவரும் பெறலாம் என்றார். (அக்காலத்திற் கிறிஸ்தவப் பாடல்கள் இயற்றிய பொப் டிலன் அதிலொரு பாடலுக்கு ஹார்மோனிக்கா வாசித்துள்ளார், எந்த வணிகரும் கைவிடாத விளம்பரம் இது.) இச்செயலின் நேர்மையை ஐயுறுவதற்கில்லை. ஆயின், விலையை நீக்குவது பண்ட உறவையே நீக்குவதாகுமா?

விடையை அவருடைய பாடல்களிலேயே தேடவேண்டும். மத்தேயு 25ஆம் அதிகாரத்துச் செம்மறியாடுகள், வெள்ளாடுகள் பற்றிய நியாயத்தீர்ப்பை அவர் பியானோவுடன் பெரும்பாலும் வசனப்படியே கதையாக நிகழ்த்துகிறார். பசித்தோனும் அந்நியனும் சிறையிலுள்ளோனும் அங்கே கண்முன் நிற்கின்றனர்; நம்பிக்கை செயலினால் அளக்கப்படுகிறது. நம்பிக்கை ஒன்றே போதுமெனும் சுவிசேஷ மரபினருக்கு இது உவப்பான முடிவன்று. கிறீனின் ஆற்றல் முழுமையாக வெளிப்படுவது இங்குதான் என்பது எமது கருத்து. 1978இல் வெளிவந்த 'அஸ்லீப் இன் த லைட்' என்ற பாடலும் உறங்கும் திருச்சபையைக் கடிந்துரைக்கிறது. ஆனால் வாயிலில் நிற்கும் ஏழை எவ்வாறு ஏழையானான் என்பது வினவப்படுவதில்லை; குற்றம் தனிமனித உள்ளத்திலேயே தேடப்படுகிறது. ஏறத்தாழ அதே காலத்தில், 1975இல், நிக்கராகுவாவின் கார்லோஸ் மெகியா கொடோய் இயற்றிய விவசாயிகளின் திருப்பலி இசையில் இறைவன் வியர்வை சிந்தும் தொழிலாளியாகவே அழைக்கப்படுகிறான். அங்கு வழிபாட்டின் மொழியே வர்க்கச் சார்பு பெறுகிறது.

1982 ஜூலையில் ரெக்சாசில் நிகழ்ந்த விமான விபத்தில் 28 வயதிற் கிறீன் மாண்டார். நீண்ட கதைப்பாடல் சபை சேர்ந்து பாடுவதற்கு இசைவதன்று. சபைகள் பேணிக்கொண்டவை, 1980ஆம் ஆண்டின் 'ஓ லோர்ட் யுவர் பியூட்டிபுல்' போன்ற, 'நான்' இறைவன்முன் தனித்து நிற்கும் பாடல்களையே. அயலான் அவற்றில் இல்லை. 1988இல் அமெரிக்காவில் தேவாலயங்களிடமிருந்து பாடல் உரிமக் கட்டணம் அறவிடும் சீ.சீ.எல்.ஐ. நிறுவனம் தோன்றியது, கிறீனின் துதிப்பாடல்களும் அதன் பட்டியலில் இலக்கமிடப்பட்டுள்ளன.