கப்பலேறியோர் பெயரும் ஊரும்: புதுச்சேரி வழிச் சென்ற மூதாதையர் தேடலில் சான்றுகளை மதிப்பிடல்

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைகள் வழியாகப் பிரெஞ்சுத் தீவுகளுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளின் வழித்தோன்றல்கள் இன்று தம் முன்னோரைத் தேடுகின்றனர். அத்தேடலில் புறப்பட்ட ஊர், இனப்பெயர், குடும்பப்பெயர் ஆகிய மூன்றும் நேரடிச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. தமிழ்ப் பெயரிடு மரபும் பேச்சுத்தமிழ் ஒலியியலும் கொண்டு படித்தாலன்றி அவை சான்றாகா என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, ஒப்பந்தக் கூலிகள், ரெயூனியன், குடிவழி, பெயராய்வு.

முன்னுரை

பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். கடல்கடந்த கூலிகளின் துயரை அவர் பாடிய ‘கரும்புத் தோட்டத்திலே’ பிஜித் தீவைப் பற்றியது. அவர் வாழ்ந்த நகரின் கடற்கரையிலிருந்தே ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் ஏற்றப்பட்டிருந்தனர். அவர்கள் அப்பாடலில் இடம்பெறவில்லை. இதனைக் கவிஞரின் குறையாகக் கூறுவதற்கில்லை. ரெயூனியனுக்கு ஆளனுப்புவதைப் பிரித்தானிய இந்திய அரசு நிறுத்திய 1882ஆம் ஆண்டே அவர் பிறந்த ஆண்டாகும். பிஜியின் துயரோ அவர் காலத்தில் நடந்துகொண்டிருந்தது. எனினும் இங்கு ஒரு வேறுபாடு புலனாகிறது. பாடல் கூலிகளைக் கூட்டமாக நினைவுகூர்ந்தது. தனியாளின் பெயரைப் பதிவேடு காத்தது. ஆகவே பதிவேட்டையும் ஒரு பனுவலாகக் கொண்டு திறனாய்வது தமிழாய்வின் கடமையாகிறது.

ஊர்ப்பெயரின் மயக்கம்

பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1848இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் இந்தியாவை நாடினர். 1853இல் மார்த்தினிக்கிற்கும் 1854இல் குவாதலூப்பிற்கும் முதற் கப்பல்கள் சென்றன. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவிலிருந்து மார்த்தினிக்கிற்கு ஏறத்தாழ 25,000 பேரும் குவாதலூப்பிற்கு ஏறத்தாழ 42,000 பேரும் சென்றனர். ரெயூனியனுக்குச் சென்றோர் தொகை இவற்றினும் பெரிது.

இத்துணைப் பேரைச் சிறிய பிரெஞ்சிந்தியப் பகுதிகளால் வழங்க இயலவில்லை. ஆகவேதான் 1860, 1861ஆம் ஆண்டுகளில் பிரான்சும் பிரித்தானியாவும் உடன்படிக்கைகள் செய்தன. அவற்றின்படி பிரித்தானிய இந்தியாவில் ஆள்சேர்க்கும் உரிமையைப் பிரான்சு பெற்றது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியோருள் பலர் தென்னார்க்காடு, தஞ்சாவூர் போன்ற பிரித்தானிய மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். எனவே குடும்ப நினைவில் ‘புதுச்சேரி’ என நிலைத்திருப்பது பெரும்பாலும் புறப்பட்ட துறையே. அதனைப் பிறந்த ஊராகக் கொள்வதற்கில்லை. முன்னோர் ஊரைத் தேடிப் புதுச்சேரிக்கு வந்து ஏதும் கிடைக்காமல் திரும்புவோர், மூதாதையர் சில நாள் தங்கியிருந்த ஊரையே பிறந்த ஊராகக் கொண்டு தேடுகின்றனர்.

இனப்பெயரும் இவ்வாறே மயக்கம் தருவது. ரெயூனியனில் தமிழ் வழியினர் ‘மல்பார்’ எனப்படுகின்றனர். இது கேரளத்து மலபாரைச் சுட்டுவதன்று. ஐரோப்பியர் தமிழரையும் தமிழ்மொழியையும் ‘மலபார்’ என்று வழங்கிய பழைய வழக்கின் எச்சம் அது. இச்சொல்லை நம்பி மேற்குக் கடற்கரையில் தேடுவது வீண்முயற்சியாகும்.

தந்தை பெயர் குடும்பப்பெயரானமை

தமிழ் மரபில் குடும்பப்பெயர் என்பது பொதுவழக்கன்று. ஒருவர்க்கு இயற்பெயர் ஒன்றே. தந்தை பெயர் அதற்கு முன்னடையாக வரும். அடுத்த தலைமுறையில் அம்முன்னடை மாறிவிடும். பிரெஞ்சுக் குடிமைப் பதிவு முறையோ தலைமுறைதோறும் மாறாத ஒரு பெயரை வேண்டியது. ஆகவே கப்பலேறிய இராமசாமியின் இயற்பெயர் அவர் மக்களுக்கும் பேரர்களுக்கும் குடும்பப்பெயராக உறைந்தது. பல இராமசாமிகள் சென்றனர். ஒருவரோடொருவர் தொடர்பில்லாத பல ‘இராமசாமி’ குடும்பங்கள் உருவாயின. பெயர் ஒப்புமை கொண்டு உறவு நிறுவுவது இங்குப் பொருந்தாது. சமயச் சடங்குடன் நடந்த திருமணங்கள் குடிமைச் சட்டத்தில் செல்லாதிருந்தமையால், தாயின் பெயரே குடும்பப்பெயரான நேர்வுகளும் உண்டு. தந்தைவழியை மட்டும் பின்பற்றுவோர் அவ்விடத்தில் தடுமாறுவர்.

இதே காலத்தில் புதுச்சேரி நகரில் இதற்கு மாறான ஒன்றும் நிகழ்ந்தது. 1881 செப்டம்பர் 21ஆம் நாளிட்ட ஆணை, இந்தியர் தம் சாதி, சமயவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின்கீழ் வர இடமளித்தது. அவ்வாறு துறந்த ‘ரெனோன்சான்’ எனப்பட்டோர் குடும்பப்பெயர் ஒன்றைத் தாமே தேர்ந்துகொண்டனர். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி ‘லாப்போர்த்’ என்னும் பெயரை ஏற்றார். ‘வாயில்’ என்பது அச்சொல்லின் பொருள். ஒரே ஆட்சியின்கீழ் ஒரு சாரார் பெயரைத் தேர்ந்துகொண்டனர். மற்றொரு சாரார்க்குப் பெயர் எழுதப்பட்டது. இரு சாராரிடத்தும் குடும்பப்பெயர் ஒரு சட்டத் தேவையாகவே பிறந்தது என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

‘பிழை’ எனப்படும் எழுத்து

பிரெஞ்சு எழுத்தர்கள் தமிழ்ப் பெயர்களைச் சிதைத்தனர் என்பது பொதுவாகக் கூறப்படும் குற்றச்சாட்டு. இது பாதி உண்மையே. நெடில் குறில் வேறுபாடும் ட, ண, ள, ழ போன்ற நாமடி ஒலிகளும் அவர்கள் எழுத்தில் இழக்கப்பட்டன. ஆயினும் ஈற்றெழுத்துகளை நோக்கினால் வேறொரு செய்தி கிடைக்கிறது. ரெயூனியனில் சாமிநாதன் என்னும் பெயர் ‘சாமிநாதின்’ என்று எழுதப்படுகிறது. வேங்கடாசலம் என்னும் பெயர் ‘வேங்கடசலோம்’ என்று எழுதப்படுகிறது. பேச்சுத்தமிழில் ‘அவன்’ என்பதன் ஈறு எகரச் சாயல் கொண்ட மூக்கொலியாகவும், ‘மரம்’ என்பதன் ஈறு ஒகரச் சாயல் கொண்ட மூக்கொலியாகவும் ஒலிக்கும். பிரெஞ்சு மொழியிலும் இவற்றையொத்த மூக்குயிர்கள் உண்டு. அவற்றைக் குறிக்கவே அம்மொழியில் முறையே ‘இன்’, ‘ஓம்’ போன்ற எழுத்துகள் வழங்குகின்றன. ஆகவே இவ்வடிவங்களைக் காதால் கேட்ட பேச்சுத்தமிழின் பதிவாகக் கருத மிகுந்த இடமுண்டு. இத்தகைய ஒலி ஒப்புமைகளைத் தொகுத்து விதிகளாக்கினால் சிதைந்த பெயரிலிருந்து மூலப்பெயரை மீட்கலாம். இப்பணி ஆவணக் காப்பாளரைவிடத் தமிழாய்வாளர்க்கே உரியது.

எண்ணே திறவுகோல்

பெயர் ஐயத்திற்குரியதாயின் உறுதியான தொடக்கம் எது? குடியேறியவர்க்குத் தரப்பட்ட பதிவெண்ணே அது. தீவுகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளில் பெயரை அடுத்து அவ்வெண் குறிக்கப்படுவதுண்டு. எண்ணிலிருந்து கப்பலுக்கும், கப்பலிலிருந்து ஆண்டிற்கும் துறைக்கும், அதன்பின் தந்தை பெயருக்கும் ஊருக்கும் செல்வதே தக்க முறை. மொரீசியசின் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்கள் இம்முறையின் பயனைக் காட்டுகின்றன. ரெயூனியன், குவாதலூப் வழித்தோன்றல்கள் தத்தம் தீவின் காப்பகத்தையும், பிரான்சின் எக்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தையும் முதலில் அணுகுதல் வேண்டும். புதுச்சேரி இத்தேடலில் இறுதிப் படிகளுள் ஒன்று.

முடிவுரை

குடும்பப்பெயர் குலத்தைக் காட்டவில்லை. துறைமுகம் ஊரைக் காட்டவில்லை. ‘மல்பார்’ நிலத்தைக் காட்டவில்லை. ஆயினும் இம்மூன்றும் பொய்யல்ல. கேட்டவர் யார், எழுதியவர் யார், எத்தேவைக்கு எழுதினர் என்று வினவிப் படிக்கும்போது மூன்றும் சான்றாகின்றன. கூலியாகச் சென்றவர் தம் கையால் எழுதி வைத்தது மிக அரிது. அவர் தம் பெயரைச் சொல்லிய ஒலியேனும் அந்நிய எழுத்தில் எஞ்சியிருக்கிறதெனில், அதனைப் பிழையென்று திருத்துமுன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தல் தமிழாய்வாளரின் கடமையாகும்.