ஐந்து மதிப்பெண் மின்தொகுப்பு

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் எனத் தென்சென்னைப் புறநகரில் சிபிஎஸ்இ பள்ளிகள் ஏராளம். அவற்றில் ஒன்பது, பத்தாம் வகுப்பு படிப்போருக்குப் பாடத்துக்கு 20 அக மதிப்பெண் உண்டு. 2019-20 கல்வியாண்டு முதல் அதில் 5 ‘போர்ட்ஃபோலியோ’வுக்கு. வகுப்பில் செய்த வேலை, சுயமதிப்பீடு, சக மாணவரின் மதிப்பீடு, கற்றதைப் பற்றிய மாணவரின் சொந்தக் குறிப்பு ஆகியவற்றைத் திரட்டி வைப்பதே நோக்கம். அதற்கு முன் அந்த 5 மதிப்பெண், நோட்டைச் சரியாக எழுதி ஒப்படைப்பதற்குக் கிடைத்தது. கொரோனாக் காலத்தில் வீட்டுப்பாடம் கூகுள் கிளாஸ்ரூமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் போனபோது, தொகுப்பை மின்வடிவில் வைப்பதும் எளிதாயிற்று.

மின்தொகுப்பின் பலம் வெளிப்படையானது. ஜூனில் எழுதிய கட்டுரையையும் ஜனவரியில் திருத்தியதையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். எழுத்தில் தடுமாறும் பிள்ளை பேசிப் பதிவு செய்யலாம். ஆய்வகச் சோதனையை வீடியோவாக இணைக்கலாம். இந்தப் பகுதிக்கென்று தனிக் காரணமும் ஒன்று உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது புத்தகங்களோடு சான்றிதழ்களும் நனைந்து போயின. அரசு சிறப்பு முகாம் நடத்தி மாற்றுச் சான்றிதழ் வழங்கியது. ஒரு பிள்ளையின் ஆண்டு முழுதான வேலைக்கு மாற்றுப் பிரதி தரும் முகாம் எதுவும் கிடையாது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஹெலன் பாரெட், மின்தொகுப்புக்கு இரு முகங்கள் என்றார்: ஒன்று பட்டறை, மற்றது காட்சிக்கூடம். பட்டறையில் அடித்தல் திருத்தல் இருக்கும். காட்சிக்கூடத்தில் மெருகேற்றியது மட்டுமே வரும். மதிப்பெண் என்று வந்ததும் பட்டறையை மூடிவிட்டுக் காட்சிக்கூடத்தை அலங்கரிப்பதுதான் மாணவருக்குப் புத்திசாலித்தனம். ‘எனக்கு இது புரியவில்லை’ என்று எழுதினால் மதிப்பெண் குறையுமோ என்ற பயம் இருக்கும்வரை, சிந்தனைக் குறிப்பு என்ற பெயரில் ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்ற ஒரே வாக்கியம்தான் நாற்பது பேரிடமிருந்தும் வரும்.

மாநிலப் பாடத்திட்டம் இதை முன்பே பார்த்துவிட்டது. 2012-13இல் முப்பருவ முறையோடு எட்டாம் வகுப்பு வரை வந்த தொடர் மதிப்பீட்டில் 40 மதிப்பெண் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும். நல்ல எண்ணம்தான். ஆனால் பல வீடுகளில் சார்ட் வாங்கியது அம்மா, படம் பிரின்ட் எடுத்தது பிரவுசிங் சென்டர், ஒட்டியது அண்ணன்.

ஆசிரியரின் நேரத்தையும் கணக்கிட வேண்டும். பிரிவுக்கு 40 பேர் என்று வைத்தால், நான்கு பிரிவு எடுக்கும் ஒருவருக்கு 160 தொகுப்புகள். ஒன்றுக்குப் பத்தே நிமிடம் என்றாலும் 1,600 நிமிடம், அதாவது ஏறத்தாழ 27 மணி நேரம். படித்துப் பதில் எழுத ஆள் இல்லாத தொகுப்பு வெறும் கோப்புக் கிடங்கு.

கிடங்கும் நிரந்தரமல்ல. கூகுள் சைட்ஸின் பழைய வடிவம் சில ஆண்டுகளுக்கு முன் நிறுத்தப்பட்டது. புது வடிவத்துக்கு மாற்றப்படாத தளங்கள் பார்வையிலிருந்து போயின. பள்ளிக் கணக்கில் சேர்த்தவை மாணவர் பள்ளி மாறும்போது அவரோடு வருமா என்பதையும் யாராவது முன்கூட்டியே யோசிக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. கருவிச் சிக்கலும் உண்டு: வீட்டில் ஒரே கைபேசி, அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துப் போவது என்றால், பிள்ளை பதிவேற்றுவது இரவு அவர் திரும்பிய பிறகுதான்.

ஆகவே, முறையைக் கைவிடுவதைவிடச் சுருக்குவது நல்லது. எல்லாப் பாடத்துக்கும் என்றில்லாமல் பருவத்துக்கு ஒரு பாடம். அதில் மூன்று படைப்புகள், ஒவ்வொன்றுக்கும் முதல் வரைவும் திருத்திய வடிவமும். பதிவேற்றம் பள்ளிக் கணினி அறையில், பள்ளி நேரத்தில். 5 மதிப்பெண்ணை அழகுக்குத் தராமல், இரண்டு வரைவுக்கும் இடையில் என்ன மாறியது, ஏன் மாறியது என்று மாணவர் சொல்லும் விளக்கத்துக்குத் தரலாம். அதையும் அண்ணனால் எழுதித் தர முடியும்தான். ஆனால் ஆசிரியர் எதிரில் உட்கார வைத்துக் கேட்டால், பதில் சொல்ல வேண்டியது பிள்ளைதான்.